ஒப்படைத்த பொருள்



சென்ற சாதுர்மாசத்தின்போது, நாகப்பட்டினத்தில் வாழும் நம் அன்பர் ஒருவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். ஓர் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில் அறங்காவலராக அமருமாறு அவரை அழைத்துள்ளனர். அழைத்தவர் அவருடைய தாய்மாமன். “கணக்கைக் கேட்டால் மாமா மனம் வருந்துவார், கேளாமற் கையெழுத்திட என் மனம் ஒப்பவில்லை. மறுத்துவிடலாமா, சுவாமி?” என்றார்.

இவ்வினா புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியங்களில் யார் அமரலாம் என்பதை வகுத்துரைக்கின்றன. வயது, நிலம், கல்வி எனப் பல தகுதிகள் கேட்டனர். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரை விலக்கினர். அவருடைய நெருங்கிய உறவினரையும் விலக்கினர். உறவு கணக்குக் கேளாது என்பதை அப்பெரியோர் கண்டிருந்தனர் போலும்!

நம் ஆகமம் இன்னும் ஆழமாகச் செல்கிறது. சத்திய அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களில் ஒன்றாக நியாசாபகாரத்தைத் தத்துவார்த்த சூத்திரம் கூறும். ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருளின் அளவை மறந்து குறைத்துக் கேட்கையில், மீதியைச் சொல்லாது அவர் கேட்டதை மட்டும் கொடுப்பதே அது. இதைக் களவின் கீழ் வையாமல் பொய்யின் கீழ் வைத்திருப்பது நோக்கத்தக்கது. வாய் திறவாமையே அங்கே பொய்யாகிறது. தருமத்திற்கு நன்செய் எழுதி வைத்த பாட்டியார் மறைந்து நெடுங்காலமாயிற்று. சம்பாவுக்குக் குத்தகை நெல் எத்தனை மூட்டை வந்தது என்று கேட்க அவர் வரப்போவதில்லை.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். துறவுக்கு முன் ஒரு கல்வி நிதிக் குழுவில் இருந்தேன், பெயர் வேண்டா. இரண்டு ஆண்டுகள் கூட்டத்திற்குச் செல்லாமலே, வீடு தேடி வந்த தீர்மான ஏட்டில் கையொப்பமிட்டேன். பணத்தை எவரும் எடுக்கவில்லை. உதவித்தொகை மட்டும் காலம் தவறியது. ஒரு பெண் கல்லூரியிற் சேர இயலாமற் போயிற்று. இம்சைக்கு வேர் பிரமாதம் என்று அதுவரை நூலில் மட்டுமே படித்திருந்தேன்.

அவ்வாறாயின் ஒதுங்கிவிடலாமா? 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அப்போது உதவிப் பொருள்கள் எங்கெங்கிருந்தோ வந்து குவிந்தன. அவற்றை முறையாகப் பங்கிட, கணக்கறிந்த நேர்மையாளர் வேண்டியிருந்தது. அஞ்சுவோர் அனைவரும் விலகினால், அஞ்சாதவர் கையிலன்றோ தருமம் தங்கும்? விலகுதலை அபரிக்கிரகம் என்று எண்ணுதல் மயக்கமே.

ஆகவே அன்பரிடம் கூறினேன்: “ஒப்புமுன் கேளுங்கள். மூல ஆவணம், மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கு, குத்தகைப் பதிவேடு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் காட்டினால் அமருங்கள். உடன்படாத தீர்மானத்தில் உங்கள் மறுப்பை எழுதி வையுங்கள். காட்டவில்லையெனில், கைகூப்பி விடைபெறுங்கள். மாமாவிடம் தனியே, பணிவாகக் கேளுங்கள், பிறர்முன் வேண்டா.”

கேட்டாராம். மாமா சில நாள்கள் பேசவில்லை. பின்னர் ஒரு தகரப் பெட்டியைத் தாமே கொணர்ந்து வைத்தார். உள்ளே பல்லாண்டு ரசீதுகள், பேரேட்டில் ஏற்றப்படாமற் கிடந்தன. முதுமையில் எழுத இயலவில்லை, சொல்ல நாணம். இப்போது இருவரும் பகற்பொழுதில் அமர்ந்து எழுதி வருகின்றனர். ஒப்புதல் கடிதத்தை அன்பர் இன்னும் கொடுக்கவில்லை.