பன்னிரண்டாவது ஆள்



சில வாரங்களுக்கு முன் திருக்கோவிலிலிருந்து என் கைத்தொலைபேசிக்கு ஒரு செபம் வந்தது. புனித யூதா ததேயுவின் படம். கீழே நல்லதொரு மன்றாட்டு. அதற்கும் கீழே ஓர் எச்சரிக்கை. இன்றிரவுக்குள் 12 பேருக்கு அனுப்பாவிட்டால் வீட்டில் துக்கம் நேருமாம். அனுப்பியவர் நான் அறிந்த ஒரு தாய். அவருடைய மகன் அன்று கடலுக்குப் போயிருந்தான். 11 பேரைத் தேடிப் பிடித்தவர், பன்னிரண்டாவது ஆள் கிடைக்காமல் சுவாமியையே பிடித்துக்கொண்டார்!

முன்னர் இதே சங்கிலி தபாலட்டையில் வந்தது. கையால் எழுத வேண்டியிருந்ததால் நம் சோம்பலாவது நம்மைக் காத்தது. இன்று ஒரு விரல் போதும்.

அயலவர் கையில் நூலையோ கழுத்தில் தாயத்தையோ கண்டால், மூடநம்பிக்கை என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. நம்முடையதற்குப் புனிதரின் படத்தை ஒட்டிவிட்டால் அது பக்தியாகிவிடுகிறது. திருச்சபை அப்படிப் பார்க்கவில்லை. புனித பிரிஜித்தம்மாளின் 15 செபங்களோடு சேர்ந்து வரும் வாக்குறுதிகள் தெய்வீகமாக அருளப்பட்டவை என்பது எண்பிக்கப்படவில்லை என்று உரோமை 1954இலேயே எச்சரித்தது. அவை இன்னும் சுற்றிவருகின்றன. உள்ளத்தை விட்டுவிட்டு வெளிச்செயலுக்கே பலனைக் கற்பிப்பதும் மூடநம்பிக்கையே என 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது.

அப்படியானால் செபமாலையில் 53 தடவை அருள்நிறை மந்திரம் சொல்கிறோமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். திரும்பச் சொல்வதில் குற்றமில்லை. நம் ஆண்டவரே கெத்சமனியில் மூன்று முறை அதே வார்த்தைகளால் மன்றாடினார். மூன்று முறை சொன்னதால் துன்பப் பாத்திரம் அகன்றுவிடவில்லை. தந்தையின் சித்தத்துக்குத் தம்மைக் கையளித்து எழுந்து போனார்.

இக்கரையோர மக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, திருக்குடும்பத் திருநாள். மாத்தறை அன்னையின் திருத்தலத்தில் பூசை நடந்துகொண்டிருக்கையிலேயே கடல் உள்ளே புகுந்தது, செபித்துக்கொண்டிருந்தவர்கள் மாண்டார்கள். இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம், 10,000க்கும் மேற்பட்டோர். அவர்களெல்லாம் எந்தச் செய்தியை யாருக்கு அனுப்பத் தவறினார்கள்? அன்று பிள்ளையை இழந்த தாயின் முகத்தைப் பார்த்து இந்த எச்சரிக்கையை வாசிக்க யாருக்குத் துணிவு வரும்? அனுப்பாத கடிதத்துக்காகப் பிள்ளையின் உயிரை வாங்குகிறவரை, பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே என்று நாம் எப்படி அழைப்பது?

பின்னர் திருக்கோவிலுக்குப் போனபோது அந்தத் தாயைச் சந்தித்தேன். அன்றிரவு அவர் கண்மூடவே இல்லையாம். விடிந்ததும் மகன் கரை சேர்ந்துவிட்டான்.

"அனுப்பினபடியாத்தான் வந்தான், சுவாமி" என்றார்.

இதுதான் கடினமான இடம். பிள்ளை வீடு திரும்பிய தாயிடம் என்ன வாதாடுவது? நான் அதை யாருக்கும் அனுப்பவில்லை, சங்கிலி என்னிடமே அறுந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் திடுக்கிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு ஒண்டும் நடக்கல்லயா, சுவாமி?"

அன்று மாலை எனக்காக ஒரு செபமாலை சொன்னாராம். அதை நன்றியோடு ஏற்றுக்கொண்டேன்.