கற்பித்தல் நிகழும் இடம்

இணையவழியில் கற்பிக்கும் ஆசிரியரின் திறனை அளக்க முடியுமா என்னும் வினா கல்வி நிர்வாகத்துக்கு மட்டும் உரியதாகத் தோன்றினாலும், கற்பித்தல் என்னும் செயல் யாரிடத்தில் நிகழ்கிறது என்னும் பழைய மெய்யியல் வினாவைத் தொடாமல் அதற்கு விடை காண இயலாது. அரிஸ்டாட்டில் தம் ‘இயற்பியல்’ நூலின் மூன்றாம் பகுதியில், கற்பித்தலும் கற்றலும் வரையறையால் வேறுபட்டாலும் நிகழ்வால் ஒன்றே என்றும், ஆசிரியரின் செயல் நிறைவேறும் இடம் மாணவரே என்றும், ஒருவரின் செயல் மற்றொருவரிடத்தில் நிகழ்வதில் முரண் இல்லை என்றும் வாதிட்டார். இதை ஏற்றால், ஆசிரியரைத் தனியே நிறுத்தி அளக்கும் எந்தக் கருவியும் அளக்கவேண்டியதன் ஒரு பகுதியையே எட்டும்.

இத்தகைய கருவிகளுக்கு அடிப்படையாக அமைந்தவற்றுள் குறிப்பிடத்தக்கது, ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் 2017-இல் வெளியிட்ட ‘டிஜ்காம்ப்எடு’ சட்டகம். மின்னணு வழிகளைக் கொண்டு கற்பிப்போருக்கு வேண்டிய 22 தகைமைகளை, அதாவது அறிவும் செயல்திறனும் மனப்பாங்கும் இணைந்த ஆற்றல்களை, அது ஆறு துறைகளாகப் பகுக்கிறது. மொழித்தேர்ச்சியை அளக்கும் ஐரோப்பிய முறையைப் பின்பற்றி, ஏ1 முதல் சி2 வரை ஆறு படிநிலைகளையும் வகுக்கிறது. எந்த மென்பொருளை இயக்கத் தெரியும் என்று கேட்பதோடு நில்லாமல், பாடத்தைத் திட்டமிடுதல், மதிப்பிடுதல், எல்லா மாணவரையும் உள்ளடக்குதல் ஆகியவற்றை அது நடுநாயகமாக வைத்திருப்பது பாராட்டுக்குரியது.

எனினும் இச்சட்டகத்தை ஒட்டிய தன்மதிப்பீட்டுக் கருவிகளில், தாம் எந்நிலையில் இருக்கிறார் என்பதை ஆசிரியரே குறிக்கிறார். தம் அறியாமையை அறிந்திருப்பதையே தம்முடைய அறிவாகச் சாக்ரடீஸ் கருதினார் என்பதை நினைவிற்கொண்டால், இதிலுள்ள இடர் விளங்கும். பாடக்குறிப்புகளைத் தளத்தில் ஏற்றியதும் பாடம் முடிந்தது என எண்ணுபவர் தம்மை உயர்ந்த படியில் வைத்துக்கொள்ளக்கூடும். கேமராவை அணைத்துவிட்டு வகுப்பு முழுவதும் மௌனமாக இருந்த மாணவருக்குப் பாடம் புரிந்ததா என்று தவிக்கும் ஆசிரியரோ, அத்தவிப்பே திறனின் அடையாளமாக இருந்தும், தாழ்ந்த படியைக் குறிப்பார்.

புனித அகுஸ்தினார் 389-ஆம் ஆண்டளவில், தம் மகனுடன் நிகழ்த்திய உரையாடலாக எழுதிய ‘ஆசிரியர்’ என்னும் நூலில், கற்பித்தல் யாரிடத்தில் நிகழ்கிறது என்னும் வினாவை இன்னும் கூர்மையாக்கினார். சொற்கள் குறிகளே என்பதாலும், அவற்றின் உண்மையை மாணவர் தம்முள் ஒளிரும் இறைவனாகிய ஆசிரியரிடமே சரிபார்க்கிறார் என்பதாலும், மனித ஆசிரியர் தூண்டுபவரே அன்றிக் கற்பிப்பவர் அல்லர் என்பது அவர் முடிவு. இதை அப்படியே ஏற்றால் அளப்பதற்கு எதுவுமே எஞ்சாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் அதே தலைப்பிலான விவாதத்தில் இதைத் திருத்தினார்: நோயைத் தீர்ப்பது உடலின் இயற்கையே ஆனாலும் அதற்குத் துணைசெய்யும் மருத்துவரை நலமளித்தவர் என்று கூறுவது பொருந்துவதுபோல, மாணவரின் அறிவு தானே இயங்கினாலும் அதற்குத் துணைநிற்பவர் மெய்யாகவே கற்பிக்கிறார்.

மருத்துவரின் திறனைப் பற்றி அரிஸ்டாட்டிலே வேறோர் இடத்தில் கூறியது இங்கு மிகவும் பயன்படுகிறது. ஒவ்வொரு நோயாளியையும் குணமாக்கினால்தான் திறன் உண்டு என்பதில்லை. கைவசமுள்ள வழிகளில் எதையும் விடாமல் செய்தவர் அக்கலையைப் போதிய அளவு உடையவர் என்பது அவர் அளவுகோல். தேர்ச்சி விழுக்காட்டையோ, கற்றல் தளம் தானாகவே எண்ணித் தரும் உள்நுழைவுகளையும் பார்வை நிமிடங்களையுமோ கொண்டு ஆசிரியரைத் தீர்ப்பிடுவதைவிட, இது நேர்மையானது.

ஆனால் எந்த வழி விடப்பட்டது என்பதை ஆசிரியர் நிரப்பும் தன்மதிப்பீட்டுத் தாளிலிருந்து அறிய முடியாது. இணைய இணைப்பு நலிந்த மாணவருக்கு ஒரு மணிநேரக் காணொலி எட்டாது. அவருக்கு எழுத்து வடிவப் பாடமோ ஒலிப்பதிவோ தந்திருக்க வேண்டும். தவறான விடை எழுதிய மாணவருக்கு மதிப்பெண் மட்டும் அனுப்பப்பட்டதா, அத்தவறு எங்கே பிறந்தது என்பதைக் காட்டும் இரண்டு வரிகளும் சேர்ந்து அனுப்பப்பட்டனவா என்பதை, அந்த விடையையும் மறுமொழியையும் ஒருங்கே படிக்கும் மற்றோர் ஆசிரியரே சொல்ல முடியும். நேரம் மிகுதியாகப் பிடிக்கும், எண்களாகச் சுருங்காத இந்தப் படிப்பை மேற்கொள்ளாமல், தன்மதிப்பீட்டின் படிநிலையை மட்டும் எடுத்துப் பணி உயர்வுக்கு அடிப்படையாக்கும் நிறுவனம், ஆசிரியர் தம்மைப் பற்றி என்ன எண்ணுகிறார் என்பதையே அளக்கிறது. தமக்கு இன்னும் வராதது எது என்று அவர் ஒளிவின்றிச் சொல்லக்கூடிய ஒரே இடத்தையும் அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.