துன்பத்தினூடே மகிழ்தல்

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் பாதையிலே, தேயிலை மலைகளும் மரக்கறித் தோட்டங்களும் சூழ அமைந்த சிற்றூர் கந்தப்பளை. அப்பகுதித் தோட்டங்களில் வாழும் தமிழருட் பெரும்பாலார் இந்துக்கள். கிறித்தவர் சிறு தொகையினர். அச்சிறு தொகையினரை மனத்திற்கொண்டு ஒரு வினாவை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கிற்று. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நுவரெலியா, கண்டி, பதுளை ஆகிய மலைநாட்டு மாவட்டங்களில் மண்சரிவுகள் வீடுகளோடு வீட்டிலிருந்தோரையும் புதைத்தன. அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் நாள் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. அந்நாளைக் கத்தோலிக்கத் திருச்சபை மகிழ்ச்சியின் ஞாயிறு என வழங்கும். பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்திலே பவுல் அவர்களை மகிழுமாறு அழைக்கின்றார். அவ்வழைப்பினின்றே அப்பெயர் பிறந்தது. மண் சரிந்து மூன்று வாரம் நிறையுமுன்னர், தன் உறவினரை அம்மண்ணுக்குப் பறிகொடுத்த ஒருவரை நோக்கி மகிழ்வாயாக எனக் கூறுதல் அறமாகுமா? இதுவே நம் வினா.

இதற்கு எளிதாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. முதலாவது மனவுறுதி பற்றியது. திருக்குறளின் 63ஆம் அதிகாரமாகிய இடுக்கண் அழியாமை, துன்பத்துக்குக் கலங்காதவனிடத்தே துன்பந்தான் கலங்கும் என்னும் கருத்தினை வலியுறுத்துகின்றது. கிரேக்க, உரோம ஸ்தோயிக்க அறிஞரும் இதனையொத்த நெறியைப் போற்றினர். இந்நெறியின் மாண்பை மறுப்பதற்கில்லை. ஆயின் இது உறுதியுடையார்க்கே துணையாவது. உடைந்துபோனவர்க்கோ மற்றுமொரு பழியாக வந்து சேர்வது. இரண்டாவது விடை, இம்மையில் இழந்தது மறுமையில் ஈடுசெய்யப்படும் என்பது. இந்நம்பிக்கை கிறித்தவத்துக்கு உரியதே. எனினும், அநீதியைக் காணாதபடி கண்ணைக் கட்டுவதற்கு இவ்வாறுதல் பயன்படுமாயின், 1844இல் கார்ல் மார்க்ஸ் சமயத்தின்மீது சுமத்திய குற்றச்சாட்டு அதற்கு முற்றாகப் பொருந்தும்.

ஆதலின், அழைப்பை விடுத்த பவுலிடமே செல்வோம். அந்நிருபம் சிறையிலிருந்து எழுதப்பட்டது. பிலிப்பி நகரத் திருச்சபையின் தொடக்க வரலாற்றிலும் ஒரு சிறை உண்டு. அப்போஸ்தலர் நடபடிகளின் 16ஆம் அதிகாரம் அதனைக் கூறுகின்றது. பவுலும் சீலாவும் விசாரணையின்றிப் பிரம்படி பெற்று, கால்கள் தொழுமரத்திற் பூட்டப்பட்டு, உட்சிறையில் அடைக்கப்பட்டனர். நள்ளிரவில் அவர்கள் இறைவனைப் பாடினர். மறையுரைகள் பெரும்பாலும் இப்பாட்டோடும் அதன்பின் நேர்ந்த நிலநடுக்கத்தோடும் நின்றுவிடும், கதையோ நிற்கவில்லை. விடிந்ததும், இருவரையும் விடுவிக்குமாறு அதிகாரிகள் சொல்லியனுப்பினர். பவுல் உடன்படவில்லை. உரோமப் பிரசைகளாகிய தம்மைத் தீர்ப்பின்றி ஊரறிய அடித்துவிட்டு, இப்பொழுது ஒருவரும் அறியாமல் அனுப்பிவிட நினைப்பது தகாதென்றும், அடித்தவர்களே நேரில் வந்து தம்மை வெளியே அழைத்துச் செல்லவேண்டுமென்றும் அவர் வற்புறுத்தினார். அதிகாரிகள் அஞ்சி வந்து பணிந்து கேட்டுக்கொண்டனர்.

நள்ளிரவிற் பாடியவரும் விடியலில் உரிமை கேட்டவரும் ஒருவரே. பாட்டு உரிமைக் குரலை அடக்கவில்லை. உரிமைக் குரல் பாட்டைப் பொய்யாக்கவுமில்லை. காரணம் யாதெனின், கிறித்தவம் கூறும் மகிழ்ச்சி நிலைமைக்கேற்ப ஏறியிறங்கும் உணர்ச்சி அன்று. இறைவன் முன்னிலையில் ஒருவருக்குள்ள மதிப்பினைச் சிறைக் காவலனால் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்னும் தெளிவே அது. அத்தெளிவுடையார் பிறரை வெறுக்கவேண்டியதில்லை, பிறர்முன் கூனிக்குறுகவேண்டியதுமில்லை.

பிரசாவுரிமை என்பது மலையகத் தமிழர்க்கு ஏட்டளவான சொல்லன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. பெற்றோர் ஒருகரை, பிள்ளைகள் மறுகரையெனக் குடும்பங்கள் பிளவுண்டன. தலைமன்னாருக்குச் செல்லும் கோச்சி நின்ற மேடைகளில் ஒப்பாரி எழுந்தது. நாடற்றோராய் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. இடையிற் கழிந்தவை 55 ஆண்டுகள். இத்தகைய மக்கள்முன் நள்ளிரவை மட்டும் கூறி விடியலை மறைப்பவர், திருமறையைப் பாதியாகக் கிழிப்பவராவர்.

புயலின் அழிவையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். மழை இயற்கையின் செயல். ஆயின் லயம் சரிவின் விளிம்பில் நிற்பதும், அதில் வாழ்வோருட் பெரும்பாலார்க்குத் தமக்கென ஒரு துண்டு நிலமேனும் இல்லாமையும் மனிதர் செயல். அந்த ஞாயிறன்று கத்தோலிக்கக் கோயில்களுக்குரிய வாசகம், பொறுமையை வலியுறுத்தும் யாக்கோபின் நிருபப் பகுதி. அதற்குச் சற்று முந்திய வரிகளிலே, அறுவடை செய்தோரின் கூலியைப் பிடித்துவைத்த செல்வரை யாக்கோபு கடுமையாகச் சாடுகின்றார். பொறுமைக்கான அறிவுரை அச்சாடலின் தொடர்ச்சியாகவே வருகின்றது என்பதை மறத்தலாகாது.

உரிமை கேட்டு மீட்க முடியாத இழப்பும் உண்டன்றோ? மண்ணுள் மறைந்த குழந்தையை எச்சட்டம் திருப்பித் தரும்? இவ்விடத்தில் நீதி பற்றிய பேச்சும் ஓய்ந்துவிடுகின்றது. இலாசருவை எழுப்பப்போவதாக முன்னரே கூறிய இயேசு, அவனது கல்லறையருகே அழுதார் என்கின்றது யோவான் நற்செய்தி. வரவிருப்பதை அறிந்தவரே அழுதாராயின், நம்பிக்கை கண்ணீருக்குத் தடையன்று என்பது தெளிவு. அதே நற்செய்தியில் அவர் சீடரின் துயரைப் பிரசவ வேதனையோடு ஒப்பிடுகின்றார். வலிக்கு ஈடாகப் பிள்ளை வழங்கப்படுவதில்லை. வலியினூடேதான் பிள்ளை பிறக்கின்றது. இதனாற் துன்பம் நல்லதென்று ஆகிவிடாது. துன்பமே முடிவன்று என்பதுதான் கிறித்தவர் கூறுவது. அக்கூற்று உயிர்த்தெழுதலை நம்புவதில் வேரூன்றியது. அதனை ஏலாதார்க்குத் தருக்கத்தால் நிறுவிக்காட்ட இயலாது.

ஆகவே, நம் வினாவுக்குரிய விடை இதுவாகலாம்: துன்பத்தினூடே மகிழ்தல் என்பது பிறர்க்கு இடும் கட்டளையன்று, துன்புற்றவர் தாமே பகரும் சான்று. மகிழுங்கள் என எழுதும் தகுதியைப் பவுலுக்கு அவருடைய விலங்குகளே அளித்தன. மகிழ்ச்சியின் அந்த ஞாயிற்றுக்குரிய நற்செய்திப் பகுதியும் சிறையிலிருக்கும் ஒருவரைப் பற்றியதே. வரவேண்டியவர் இயேசுதாமோ, வேறொருவரோ என ஐயுற்று வினவியனுப்புகின்றார் யோவான். அவ்வையத்துக்காக அவரைக் கடியாத இயேசு, மக்கள்முன் அவரைப் புகழ்ந்துரைக்கின்றார். ஐயத்துக்கும் அழுகைக்கும் இடமளிக்காத மகிழ்ச்சி, கிறித்துவின் மகிழ்ச்சியன்று.

துன்பத்துக்கு வெளியே நிற்போர்க்குரிய கடமை வேறு. மண்ணை அகற்றுதல், உடனிருந்து அழுதல், விடியலில் உரிமை கேட்கப்படும்போது அருகில் நிற்றல் ஆகியனவே அவர்தம் பணி. மகிழ்ச்சியின் சொல் வருமாயின் அது லயத்தினின்றே வரட்டும். பீடத்தில் நிற்பவர் அதனைச் செவிமடுக்கக் காத்திருப்பாராக.