மரம் நடுதலும் அநர்த்த தண்ட விரதமும்



இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை அறுத்தல் ஆகியவற்றைப் பிரமாதசரியை என விலக்குகின்றது நம் ஆகமம். இவ்விரதத்தை நம் வீட்டுத் தோட்டத்திற்கும் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

விழா நாளில் ஒரு கன்றை நட்டுவிட்டுப் பங்குனி வெயிலில் வாடவிடுவோமாயின், அது அறமாகுமா? மண்ணை அகழ்ந்தோம், மண்வாழ் சிற்றுயிர்களை வருத்தினோம், ஓரறிவுயிராகிய கன்றையும் மாய்த்தோம். பயனோ ஒன்றுமில்லை.

அவ்வாறாயின் நடாதிருத்தலே நன்றன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று. இல்லறத்தார்க்கு ஆரம்ப இம்சை முற்றும் நீங்காது, குறைக்கவே இயலும். ஒரு மரம் நிலைத்து நின்றால் பறவைக்கும் அணிலுக்கும் புகலிடமாகும். தெருவின் வெம்மையும் தணியும். ஆதிபகவன் கேவலஞானம் எய்தியதும் ஆலமர நிழலிலன்றோ! நாம் விலக்க வேண்டியது கவனமின்மையே.

பருவங்கள் முன்போல் இல்லை. சென்னை மாநகர் 2015-இல் வெள்ளத்தில் மூழ்கியது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயலுக்குப் பல்லாயிரம் மரங்களை இழந்தது. 2019 கோடையில் குடிநீர் ஏரிகள் வறண்டு தவித்தது. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த குல்மோகர் போன்ற மரங்கள் அப்புயலில் மிகுதியாகச் சாய்ந்தன. ஆதலின் காற்றையும் வறட்சியையும் தாங்குவனவற்றையே தேர்தல் வேண்டும். கடலோரத்தில் புன்னையும் பூவரசும், உள்நிலத்தில் வேம்பும் புங்கும் இலுப்பையும் ஏற்றவை. பல இனங்களைக் கலந்து நட்டால், ஓர் இனத்தைப் பற்றும் நோய் அனைத்தையும் அழிக்காது.

பேணும் முறையும் அறிதல் வேண்டும். அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் பூசலாகாது. நீரும் காற்றும் வேருக்குச் செல்ல மண் திறந்திருத்தல் வேண்டும். நண்பகலில் வார்த்த நீர் விரைவில் ஆவியாகும். காலையில் வார்த்தால் குறைந்த நீரே போதும். சருகைக் கொளுத்தாமல் வேரடியில் பரப்பினால் ஈரம் நிற்கும். அதில் வாழும் உயிர்களும் பிழைக்கும். மழைக்காலத்திற்கு முன் அடர்ந்த கிளைகளை அளவாகக் கழித்தல் மரத்தைக் காப்பதற்கே ஆதலின், அது அநர்த்தம் ஆகாது.

நடுமுன் நம்மையே வினவுவோம்: இக்கன்றுக்கு இரு கோடைகளேனும் நீர் தர நம்மால் இயலுமா? இயலுமெனில் நடுவோம். இயலாதெனில், தெருவில் ஏற்கெனவே நிற்கும் ஒரு மரத்தின் வேரடியைத் திறந்துவிடுவோம். அதுவும் அபயதானமே.

ஜின தர்மம் தழைக்க!