தனியே பறக்கும் பிள்ளை

பெற்றோர் துணையில்லாமல் பறக்கும் பிள்ளைகளை விமான ஊழியர்களே அழைத்துப் போவார்கள். பொதுவாக 5 வயதிலிருந்து 12 வரை. மதுரையில் என் பேத்தியை அப்படி அனுப்பினோம். விடுபவர் யார், சென்னையில் கூட்டிப்போகிறவர் யார் என்று படிவத்தில் எழுதி வாங்கினார்கள். பேத்தியின் கழுத்துப் பையில் அந்தப் படிவத்தோடு அபிராமி கோயில் குங்குமத்தையும் வைத்தேன்.

“முருகன் பாத்துக்குவான்” என்றார் நாகல் நகர் அக்கா. எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துப் பழனிக் கதையும் தனியே போன பிள்ளையின் கதைதானே! அம்மையப்பனைச் சுற்றிய அண்ணனின் புத்தியைப் புகழ்கிறோம். தனியே மயிலேறிப் போன பிள்ளையை நினைத்துப் பார்வதி தவித்திருக்க மாட்டாளா? எனக்கு அந்தத் தவிப்பும் பக்திதான். தெய்வத்தை நம்புகிறவள் முன்பின் தெரியாத மனிதரையும் நம்பத்தான் வேண்டும். அடையாள அட்டையைப் பார்க்காமல் பிள்ளையை ஒப்படைக்காத அந்த விமான ஊழியரின் கண்டிப்பில்தான் முருகன் காவல் இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன்.