ஏரியைக் காக்கும் அறிவு யாருடையது?

ஒன்றைப் பற்றி அறிவது வேறு, அதைச் செய்ய அறிவது வேறு என்று ஆங்கிலேய மெய்யியலாளர் கில்பர்ட் ரைல் 1949இல் வாதிட்டார். நீந்தத் தெரிந்தவருக்கு நீச்சலை விளக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ரைலின் பார்வையில் அறிபவர் தனியாள். ஏரிப் பாசனத்துக்கு அது போதாது. மேல்மடைக்காரர் தன் முறை முடிந்ததும் வாய்க்காலை அடைத்தால்தான் கடைமடை நனையும். அந்த அறிவு எவர் தலைக்குள்ளும் முழுதாக இல்லை. ஊராரின் இணக்கத்தில் இருக்கிறது. இணக்கம் குலைந்தால் அறிவும் போய்விடும்.

கரையை உயர்த்துவதும் வரத்து வாய்க்காலைத் தூர்வாருவதும் குடிமராமத்தாக, அதாவது ஊராரின் கூட்டு உழைப்பாக, நடந்தன. 1858இல் சென்னை மாகாணத்துக்கென வந்த ஒரு சட்டம் அந்த உழைப்பைக் கட்டாயமாக்கியது. பழைய வழக்கமும் மாசற்றதல்ல: மண் சுமந்தவருக்கு நீரில் பங்கில்லாத ஊர்கள் பல. ஆகவே அதை அப்படியே மீட்பது அறமாகாது. புதிதாகக் கற்கத்தான் வேண்டும்.

அப்படிக் கற்க முயன்ற ஓர் இடம் உண்டு: சேலம் கன்னங்குறிச்சியில், சேர்வராயன் மலையடிவாரத்தில், 58 ஏக்கரில் கிடக்கிறது மூக்கனேரி. 2010இல் சேலம் மக்கள் குழு அதைச் சீரமைக்க இறங்கியது. தூர்வாரிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். மழையில் ஏரி நிறைந்தது, திட்டுகளுக்குப் பறவைகள் வந்தன. சுற்றியிருப்போர் பெரும்பாலும் நகரவாசிகள். ஏரி நீரில் பயிர் செய்பவர்கள் அல்லர். தங்கள் கிணற்று நீர் இந்த ஏரியிலிருந்தும் ஊறுகிறது என்பதை அவர்கள் மண்வெட்டி பிடித்தே உணர வேண்டியிருந்தது.

இதே ஏரியில்தான் விநாயகர் சிலைகளும் கரைக்கப்பட்டு வந்தன. ஏரிக் களிமண்ணில் பிடித்த பிள்ளையார் அதே நீரில் கரையும்போது மண் தன் இடத்துக்குத் திரும்புகிறது. வழிபாடும் பராமரிப்பும் அங்கே ஒன்றே. பாரிஸ் சாந்துச் சிலை எளிதில் கரையாது, அதன் சாயம் நீரைக் கெடுக்கும். சிலை கரைப்புக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் 2010இல் நெறிமுறைகள் வெளியிட்டது. நெறிமுறை எதைச் செய்யக் கூடாது என்று சொல்லும். எந்த மண் பிசைய இசையும், எது காய்ந்தால் வெடிக்கும் என்பது மண்பாண்டத் தொழிலாளர் குடும்பங்களின் கைகளுக்குத் தெரியும். ஆனால் ஏரியில் மண் எடுக்க இன்று அவர்கள் அனுமதிக்கு மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும்.