பங்கும் பொறுப்பும்

நோய் தீர்க்கும் பணிக்கு நான்கு உறுப்புகள் உண்டெனத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்துக் காட்டினார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. நம் காலத்தில் ஐந்தாவதாக ஓர் உறுப்பும் சேர்ந்துவிட்டது. அதுவே மருத்துவமனைக்குப் பொருள் ஒதுக்கும் அரசு. அதுவும் ஒன்றன்று, மத்திய அரசு, மாநில அரசு என இரண்டு. இருவர் கூடிச் செய்ய வேண்டிய கடமையில் ஒருவர் தம் பங்கைத் தாழ்த்தினால், மற்றவர் பொறுப்பினின்று நீங்கியவராவாரா? இவ்வினாவையே ஈண்டு ஆராய விழைகின்றோம்.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் மாகாணங்களின் கையில் ஒப்படைக்கப்பெற்றன. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பும் மருத்துவமனைகளை மாநிலப் பட்டியலிலேயே வைத்தது. ஆயின், பெருவருவாய் தரும் வரிகள் பல மத்திய அரசிடம் அமைந்தன. இவ்வேற்றத்தாழ்வைச் சரிசெய்யவே நிதிக்குழு என்னும் ஏற்பாடு பிறந்தது. 2021 முதல் 2026 வரையிலான காலத்திற்குப் பகிர்தற்குரிய வரித்தொகுப்பில் 41 விழுக்காடு மாநிலங்களுக்கென வகுக்கப்பட்டது. எனினும், 2018இல் விதிக்கப்பட்ட 4 விழுக்காட்டு உடல்நல, கல்வி மேல்வரி அத்தொகுப்பில் சேராது. கடமை ஓரிடத்தும் பொருளில் பெரும்பகுதி வேறோரிடத்தும் இருப்பின், பேச்சுவார்த்தை தவிர்க்க இயலாததன்றோ?

2005இல் தொடங்கிய ஊரக நலவாழ்வு இயக்கம், இன்று தேசிய நலவாழ்வு இயக்கமென வளர்ந்துள்ளது. 2015-16 முதல் அதன் செலவைப் பெரும்பாலான மாநிலங்களோடு மத்திய அரசு 60க்கு 40 எனவும், வடகிழக்கு, இமயமலை மாநிலங்களோடு 90க்கு 10 எனவும் பகிர்ந்துகொள்கின்றது. கொடுத்த பணம் எங்ஙனம் செலவாயிற்று என்பதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் வேண்டுமென்கிறது மத்திய அரசு. எம் மக்களின் தேவையை யாமே அறிவோம் என்கின்றன மாநிலங்கள். இரண்டும் நியாயமே. கணக்குக் கேளாத ஈகை ஊழலுக்கு வழிவிடும். இடமறியாத திட்டம் பாழுக்கு இறைத்த நீராகும். எனவே, பேரம் பேசுவதைக் குற்றமென யாம் கூறோம். அப்பேரம் நடக்குங்கால் நோயாளி எங்கே படுத்திருக்கின்றான் என்பதே நம் கேள்வி.

மதுரையை எண்ணிப் பார்ப்போம். தமிழகத்திற்கு ஓர் எய்ம்ஸ் மருத்துவமனை 2015ஆம் ஆண்டு வரவு-செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பெற்றது. செங்கல்பட்டு, புதுக்கோட்டை, செங்கிப்பட்டி, பெருந்துறை, தோப்பூர் என்னும் ஐந்து இடங்களுள் ஒன்றைத் தேர்வதிலேயே காலம் கழிந்தது. 2018இல் தோப்பூர் உறுதியாயிற்று. 2019 சனவரி 27ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. பின்னர் ஜப்பானியக் கடனுக்கான ஒப்பந்தம் 2021இல்தான் கையெழுத்தாயிற்று. 2022இல் சேர்ந்த முதல் 50 மாணவர்கள், சொந்தக் கட்டடமின்றி, இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் பாடம் கேட்டனர். அதே 2015இல் அறிவிக்கப்பட்ட இமாசலத்துப் பிலாஸ்பூர் மருத்துவமனையோ 2022 அக்டோபரில் திறக்கப்பட்டுவிட்டது. இடத்தேர்வில் தாமதித்தது மாநிலமென்பர் சிலர். நிதியில் தாமதித்தது மத்திய அரசென்பர் சிலர். கட்சி வாதத்துள் நாம் புகவில்லை. இருவர் வாதமும் மெய்யென்றே கொண்டாலும், அவ்வாண்டுகளில் உயர் சிகிச்சை தேடித் தென்மாவட்டங்களினின்று சென்னைக்குப் பயணப்பட்டவனுக்கு அதனால் ஆறுதல் உண்டோ?

இனி, பெயரைப் பற்றிய பூசலும் உண்டு. தளேகாவிலிருந்து மின்தொடர் வண்டியேறிப் புணே நிலையத்தில் இறங்கும் நம்மவர், அருகிலுள்ள சசூன் மருத்துவமனையை நன்கறிவர். 1867இல் திறக்கப்பெற்ற அது, வணிகர் டேவிட் சசூன் தம் கைப்பொருளை ஈந்ததால் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. அது தகும். ஆனால், 2023இல் நலவாழ்வு மையங்களுக்கு ‘ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்’ எனப் பெயர் சூட்ட மத்திய அரசு பணித்தபோது, கேரளம் மறுப்புரைத்தது. எந்த அரசின் பெயர் பலகையில் துலங்குவது என வழக்காடுங்கால் ஓர் உண்மை மறக்கப்படுகின்றது. அரசுகளுக்குக் கைப்பொருள் என ஒன்றில்லை. தொழிற்பேட்டைக் கூலியாள் வாங்கும் சோப்புக்கட்டியின் வரியிலும் இரண்டு அரசுகளுக்கும் பங்குண்டு. நோயாளியே கொடையாளி, அவன் பணமே இரு பெட்டிகளில் இருக்கின்றது.

ஓர் அன்னைக்கு இரு மைந்தர். மருந்துச் செலவில் ஆளுக்குப் பாதியென்பது உடன்பாடு. மூத்தவன் பணம் அனுப்பவில்லை எனக் கூறி இளையவன் பாதி மருந்தோடு நின்றானாயின், அவன் கணக்கில் பிழையில்லை, அறத்தில் பிழையுண்டு. பொருளைப் பங்கிடலாம், பொறுப்பைப் பங்கிடல் இயலாது. இருவருக்கும் அது முழுமையாகவே உரியது. முதலில் மருந்து வாங்குக. பின்னர் அண்ணனிடம் கணக்குப் பேசுக.

இது நடவாத கற்பனையன்று. தமிழகம் 2009 முதல் நடத்திய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை, 2018இல் வந்த மத்திய அரசின் திட்டத்தோடு இணைத்தது. மராட்டியமும் மகாத்மா ஜோதிபா புலே பெயரிலான தன் திட்டத்தை அவ்வாறே இணைத்துக்கொண்டது. மனமிருந்தால் இரு பெயர்களும் ஒரே அட்டையில் இடம்பெறும். அவ்விணக்கம் கட்டடத்திலும் கருவியிலும் செவிலியர் ஊதியத்திலும் வேண்டும். தவணை தாழ்ந்தால் பணி நில்லாதிருக்க இடைக்கால நிதியொன்றை இரு அரசுகளும் முன்னரே ஒதுக்கி வைத்தல் நலம்.

கோப்புகள் நகர்த்தும் பணியிலுள்ள நம்மனோர்க்கும் இதில் பங்குண்டு. மார்ச்சு 31க்குள் முடிக்க வேண்டிய தாளென்று கருதும் ஒவ்வொன்றின் மறுபுறத்தும் ஒரு கட்டில் இருக்கின்றது. அதில் ஒருவர் காத்திருக்கின்றார்.